தலைமடையும் கடைமடையும்: காவிரிக் கரையில் ஆர்தர் காட்டன்

சோழமண்டலத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை நிறைவின் நாளாகும். புதுநெற் கதிர்க்கட்டுகளும் பூசணியும் வாழைத்தாரும் பீடத்தின் முன் வந்து குவியும். பல ஆண்டுகளுக்கு முன்னர், நாகைக்கு அணித்தான கடைமடைச் சிற்றூர் ஒன்றில் இப்பண்டிகைக்கு அருளுரை ஆற்ற அழைக்கப்பட்டிருந்தோம். கொள்ளிடத்தின் குறுக்கே அணைகள் எழுப்பிய ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலேயப் படைப்பொறியாளரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இறைப்பற்றுள்ள ஒரு மனிதரின் உழைப்பு எத்தனை தலைமுறைகளுக்குச் சோறிட்டது என்று அன்று பேசினோம்.

ஆராதனை முடிந்தபின் மூதாட்டி ஒருவர் எம்மருகே வந்தார். நடவிலும் களையெடுப்பிலும் அறுப்பிலும் வாழ்நாளைக் கழித்தவர் அவர். "ஐயரே, அந்தத் தொரை கொண்டாந்த தண்ணி ஆண்டை வயலுக்குத்தானே வந்துச்சு? எங்க பாட்டன் பூட்டனுக்கு ஏதுங்க வயலு? தண்ணி வந்தா வேலை வந்துச்சு, அவ்வளவுதான்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. தெரியாத ஒருவருக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லும் பொறுமையே இருந்தது.

அன்று நாம் கூறிய செய்திகளில் பிழை இல்லை. ஆயினும் அவை வரலாற்றின் ஒரு பாதி மட்டுமே. காட்டனின் வாழ்வையும் பணியையும் மீண்டும் ஆராய்ந்து, அம்மூதாட்டியின் வினாவையும் அதனோடு சேர்த்துப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சபை மேடைகளில் வரலாற்று எடுத்துக்காட்டுகளைக் கையாளும் ஆயர்க்கும், அப்பணிக்கென ஆயத்தமாகும் இறையியல் மாணவர்க்கும் இது பயன்படும் என நம்புகின்றோம்.

1. வாளேந்திய இளமை

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். ஹென்றி கால்வெலி காட்டன் என்பாரின் பத்தாவது மகன் அவர். கிழக்கிந்தியக் கும்பினி தன் படை அலுவலர்களைப் பயிற்றுவித்த அடிஸ்கோம் கல்லூரியில் பயின்று, 1819ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் பொறியாளர் படையில் இடம் பெற்றார். 1821இல் சென்னை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

முதலில் அவருக்குக் கிடைத்தது அளவைப்பணி. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கப்பல்கள் செல்வதற்கு வழி காணும் பொருட்டுப் பாம்பன் கால்வாயை ஆராய்ந்தார். அதற்குள் 1824இல் முதல் பர்மியப் போர் மூண்டது. காட்டன் அப்போருக்கு அனுப்பப்பட்டு, கோட்டைகளைத் தாக்கிய படைகளோடு சென்றார். போர் 1826 பிப்ரவரியில் யாந்தபோ உடன்படிக்கையோடு முடிந்தது. வாளுக்கு இரையானோரைவிட, காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் இரையான படைவீரரே அங்கு மிகப் பலர். சென்னை மாகாணத்திலிருந்து சென்ற நம் நாட்டுச் சிப்பாய்களும் அவர்களுள் இருந்தனர்.

அதே 1826ஆம் ஆண்டு நம் திருச்சபை வரலாற்றிலும் நினைவிற்குரியது. கல்கத்தாப் பேராயர் ரெஜினால்டு ஹீபர் அவ்வாண்டு உயிர்த்தெழுந்த திருநாளைத் தஞ்சையில் கொண்டாடி, சில நாட்களில் திருச்சிராப்பள்ளி சென்று, ஏப்ரல் 3ஆம் நாள் அங்கே குளிக்கும்போது மரித்தார். தூய யோவான் ஆலயத்தில் அவர் அடக்கம் பண்ணப்பட்டார். பேராயரின் கல்லறை புதிதாக இருந்த நாட்களிலேதான், போரிலிருந்து மீண்ட இளம் பொறியாளர் ஒருவரின் வாழ்வு அதே ஆற்றங்கரையை நோக்கித் திரும்பியது.

படைவீரரின் வாழ்க்கை வரலாறு எழுதுவோர் போர்களை விரிவாகவும், போரில்லாக் காலத்தைச் சுருக்கமாகவும் எழுதுவது வழக்கம். காட்டனைப் பொறுத்தவரை அவ்வழக்கைத் தலைகீழாக்க வேண்டும். அவர் கண்ட போர் ஏறத்தாழ ஈராண்டு. அதன்பின் 1857 வரையிலான மூன்று பதின்ம ஆண்டுகளே அவர் யார் என்பதை நமக்குக் காட்டுகின்றன.

2. ஆற்றின் நோய்

1828ஆம் ஆண்டளவில் காட்டன் காவிரிப் பாசனப் பணிக்கு நியமிக்கப்பட்டார். அந்நாளில் காவிரிக்கு இருந்த நோய் யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறக்குறைய 11 மைல் தொலைவில், முக்கொம்பு என வழங்கும் இடத்தில், ஆறு இரண்டாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரி என்னும் பெயரையே கொண்டு செல்கின்றது. வடகிளை கொள்ளிடம் எனப் பெயர் பெறுகின்றது. இரண்டிற்கும் இடையே திருவரங்கத் தீவு கிடக்கின்றது. தீவின் கீழ்முனையில் இரு கிளைகளும் மீண்டும் நெருங்குகின்றன. அவ்விடத்தில் காவிரி நீர் கொள்ளிடத்தில் விழுந்து வீணாகாதபடி தடுத்து, தஞ்சைத் தரணியை நோக்கித் திருப்பி நிற்பதே கல்லணை.

கொள்ளிடம் நேராகவும் சரிவாகவும் கடலை நோக்கி ஓடுவது. காவிரியோ பல கிளைகளாகப் பிரிந்து, வண்டலை விட்டுவிட்டு மெல்ல நடப்பது. ஆகவே ஆண்டுதோறும் காவிரியின் படுகை மேடாக, கொள்ளிடத்தின் படுகை பள்ளமாயிற்று. பள்ளத்தைத் தேடுவது நீரின் இயல்பன்றோ? முக்கொம்பிலேயே பெரும்பங்கு நீர் வடக்கே திரும்பிக் கடலுக்குச் சென்றது. தலைமடையில் நீர் குறைந்தால் கடைமடையில் மண் வெடிக்கும். மேட்டு நிலங்களும் கடைமடை ஊர்களும் தரிசாகத் தொடங்கின.

1799இல் இரண்டாம் சரபோசி மன்னரோடு செய்த உடன்படிக்கையினால் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பினியின் கைக்கு வந்திருந்தது. மன்னருக்குக் கோட்டையும் உதவித்தொகையும் எஞ்சின. நிலவரி கும்பினிக்குச் சேர்ந்தது. வயல் தரிசானால் வரி குறையும். எனவே ஆற்றின் நோய் ஆட்சியாளரின் கருவூலத்திலும் தெரிந்தது. 1804இல் கேப்டன் கால்டுவெல் என்னும் பொறியாளர் ஆற்றை ஆராயும்படி அமர்த்தப்பட்டார். நாம் நன்கறிந்த பேராயர் கால்டுவெல் அல்லர் இவர். கல்லணையின் மேல்மட்டத்தை உயர்த்துவதும் கரைகளைப் பலப்படுத்துவதும் அவர் காட்டிய வழி. அதனால் ஓரளவு பயன் விளைந்தது. ஆனால் நோயின் வேர் முக்கொம்பில் இருந்தது. மருந்தோ கல்லணையில் இடப்பட்டது.

3. கல்லணையிடம் கற்றது

காட்டன் காவிரிக்கு வந்தபோது அவர்முன் நின்ற பெருந்தடை மணலே. நம் ஆறுகளின் அடியில் பாறை எளிதில் கிடைப்பதில்லை. தோண்டத் தோண்ட மணலே வரும். கடினமான அடித்தளம் இல்லாத இடத்தில் கற்கட்டடம் நில்லாது என்பது அந்நாள் ஐரோப்பியப் பொறியாளரின் பொதுவான அச்சம். மணலின்மேல் வீடு கட்டிய மனிதனைப் பற்றிய நம் ஆண்டவரின் உவமையை அவர்களும் அறிந்தவர்களே.

ஆனால் அவர்கள் கண்ணெதிரே, மணலின்மேலேயே, ஓர் அணை பல நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. கரிகாற் பெருவளத்தானின் பெயரோடு மரபு இணைத்துப் பேசும் கல்லணை அது. ஏறத்தாழ 1,080 அடி நீளமும் 40 முதல் 60 அடி வரை அகலமும் கொண்டு, ஆற்றின் போக்கிற்கேற்ப வளைந்து செல்வது. 1830ஆம் ஆண்டையொட்டி, மேலே தேங்கிய மணலை வெளியேற்றுவதற்காக அவ்வணையில் மணற்போக்கி மதகுகள் அமைக்கப்பட்டன. காட்டனின் மேற்பார்வையில் அப்பணி நடந்தது. பழைய கட்டடத்தை வெட்டித் திறந்தபோது அதன் உள்ளமைப்பு வெளிப்பட்டது. மணலில் பெருங்கற்களை இட்டு, அவை அமிழ அமிழ மேலும் மேலும் கற்களை அடுக்கி, களிமண்ணால் இணைத்து, மேற்புறத்தைக் காரை பூசி மூடியிருந்தனர். பாறையைத் தேடி அலையாமல், மணலோடு உடன்பட்டு நின்ற கட்டடம் அது.

இப்பாடத்தைக் காட்டன் மறைக்கவில்லை. ஆழங்காண முடியாத மணலில் அடித்தளம் இடும் கலையை இந்நாட்டு முன்னோரிடமிருந்தே தாம் கற்றதாகவும், சென்னை மாகாணத்தின் ஆற்றுப்பாசனப் பணிகள் வெற்றி பெற்றதற்கு அக்கல்வியே காரணம் என்றும் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். அவர் பணியாற்றிய காலத்தில் இந்தியக் கல்வியையும் கலையையும் இழித்துரைப்பதே ஆங்கிலேயரிடையே வழக்காயிருந்தது. ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒரு படை அலுவலர், ஆளப்படுவோரின் பெயரறியாக் கொத்தர்களைத் தம் ஆசிரியராக ஏற்றுக்கொண்டார் என்பது நினைத்துப் பார்க்கத்தக்கது.

ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கின் செயல் நமக்கு நினைவு வருகின்றது. தன் தகப்பன் நாட்களில் வெட்டப்பட்டுப் பின்னர் தூர்க்கப்பட்ட துரவுகளை அவன் மறுபடியும் தோண்டினான். பழைய பெயர்களையே அவற்றிற்கு இட்டான். காட்டனுக்குக் காவிரி தகப்பன் வீட்டு நிலமன்று. ஆயினும் கல்லணையின் பெயரை அவர் துடைத்துவிடவில்லை. பெரிய அணை என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயரால் அதனைப் பெருமைப்படுத்தினார். அணைக்கட்டு என்னும் நம் சொல்லே திரிந்து ஆங்கிலப் பொறியியல் நூல்களில் புகுந்திருப்பதும் இக்கடனுக்கு ஒரு சான்றாகும்.

4. இரு அணைகள்

நோயுற்று இங்கிலாந்து சென்ற காட்டன் 1832இல் திரும்பி வந்தார். அவர் முன்வைத்த திட்டம் எளியது. நீர் பிரியும் இடமாகிய முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே ஓர் அணை. அதனால் காவிரிக்கு வேண்டிய நீர் காவிரியிலேயே செல்லும். அங்கிருந்து ஏறத்தாழ 70 மைல் கீழே கொள்ளிடத்தின் குறுக்கே மற்றோர் அணை. அதனால் கொள்ளிடத்தில் ஊறியும் வடிந்தும் வரும் நீர் வீணாகாமல் தென்னார்க்காட்டுக்கும் தஞ்சையின் வடகீழ்ப் பகுதிக்கும் பயன்படும். 1836இல் இரண்டும் கட்டி முடிக்கப்பட்டன. முன்னது மேலணை, பின்னது கீழணை. கீழணை நின்ற ஊர் அணைக்கரை என்றே வழங்குகின்றது. வீராணம் ஏரிக்கு நீர் செல்வதும் கீழணையிலிருந்தே.

மேலணை ஏறத்தாழ 750 கஜ நீளமுடையது. ஆற்றினிடையே கிடந்த திட்டுகளைப் பயன்படுத்திக் கொண்டு மூன்று பகுதிகளாக அமைந்தது. ஆற்றில் நீர் வற்றியிருக்கும் சில மாதங்களுக்குள் இவ்வேலையை முடித்தாக வேண்டும். அடுத்த வெள்ளம் வருமுன் முடியாவிடில் கட்டியதும் போய்விடும். அந்த வெயிலில் கல் சுமந்தோர், சுண்ணாம்பு அரைத்தோர், நீர் இறைத்தோர் பல்லாயிரவர். அவர்கள் பெயர் ஒன்றேனும் மதகுக் கல்லில் இல்லை.

அணை தன் வேலையைச் செய்தது; சற்று மிகுதியாகவே செய்தது எனலாம். காவிரிக்குள் நீர் அளவுக்கு மீறிப் புகுந்து, படுகையை அரித்து, கரைகளுக்கு ஊறு விளைத்தது. கொள்ளிடமோ இப்போது மணலால் மேடாகத் தொடங்கியது. எனவே 1840களில் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பிலும் நீரை அளந்துவிட ஒரு தடுப்பணை அமைக்கவும் நேர்ந்தது. ஆற்றின் ஒரு புறத்தைத் தொட்டால் மறுபுறம் மறுமொழி சொல்லும் என்பதைக் காட்டனின் பணியைத் தொடர்ந்தவர்கள் கற்றனர். 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றபோது ஆற்றின் நடை மீண்டும் மாறியது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் இடிந்து விழுந்தன. பின்னர் அங்கே புதிய கதவணை எழுந்தது. எந்த அணையும் இறுதியான அணையன்று.

5. நீர் யாருக்குச் சென்றது?

இனி மூதாட்டியின் வினாவுக்கு வருவோம். மேலணையால் திரும்பிய நீர் வாய்க்கால்களின் வழியே வயலுக்குச் சென்றது. வயல் யாருடையது?

தஞ்சை மாவட்டத்தில் நிலம் மிராசுதாரருடையது. பிராமணரும் வேளாளரும் பிற உயர்குடியினரும் அவர்களுள் இருந்தனர். கோயில்களுக்கும் மடங்களுக்கும் பெருநிலங்கள் இருந்தன. உழுதவர்களோ பெரும்பாலும் பள்ளர், பறையர் என அந்நாளில் அழைக்கப்பட்டு, ஊருக்குப் புறத்தே சேரியில் வைக்கப்பட்ட மக்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு பண்ணையோடு பிணைக்கப்பட்ட அடிமையாட்களாகவும் பண்ணையாட்களாகவும் அவர்கள் வாழ்ந்தனர். நிலத்தோடு சேர்த்து ஆட்களும் கைமாறிய காலம் அது. இந்தியாவில் அடிமை நிலையைச் சட்டம் ஏற்காது என்று கும்பினி அரசு சட்டம் இயற்றியது 1843இல், அதாவது மேலணை முடிந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின். சட்டம் வந்தபின்னும் கடனும் சாதியும் பழைய பிணைப்பைக் காத்துக்கொண்டன.

ஆகவே நீர் பெருகியபோது விளைச்சல் பெருகியது. விளைச்சலோடு மிராசுதாரரின் வருவாயும் அரசின் வரியும் பெருகின. உழைத்தவர்க்கு வேலை பெருகியது. பஞ்ச காலத்தில் வேலையும் கூலி நெல்லும் உயிர்காப்பவை என்பதை நாம் மறுக்கவில்லை. வறண்ட மாவட்டங்கள் மடிந்த நாட்களில் காவிரிப் படுகை பலருக்குப் புகலிடமாயிற்று. ஆனால் காப்பாற்றப்படுவது வேறு, பங்கு பெறுவது வேறு.

ஆட்சியின் மறுமுகத்தையும் காண வேண்டும். சென்னை மாகாணத்தில் வரி தண்டுவதற்காகக் குடிகளைச் சித்திரவதை செய்த கொடுமைகளை விசாரிக்கக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, 1855இல் அது அறிக்கை தந்தது. ஏரி, ஆற்றுக் கரைகள் உடைப்பெடுக்கும் வேளையில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க 1858இல் சட்டம் இயற்றப்பட்டது. அணை கட்டிய அரசும் இதே அரசுதான். காட்டன் அதன் ஊழியர். நீரை நிலத்திற்குக் கொண்டுவர அவர் அரசோடு வாழ்நாளெல்லாம் வாதாடினார். அந்நிலத்தின்மேல் யாருக்கு உரிமை என்னும் வினாவை அதே முனைப்போடு எழுப்பியவராக அவரை நாம் காண முடியவில்லை.

6. அதே ஆண்டுகளில் நம் சபை

காட்டனைக் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. அவர் அணைகளுக்குத் திட்டமிட்ட அதே ஆண்டுகளில் தஞ்சைத் திருச்சபையில் நடந்தது யாது?

ஷ்வார்ட்ஸ் ஐயர் 1798இல் தஞ்சையில் மரித்தார். அவர் வளர்த்த சபைகளில் வேளாளக் கிறிஸ்தவர் ஒருபுறமும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர் மறுபுறமும் அமர்வதும், திருவிருந்திலே முன்னவர் முந்திக்கொள்வதும் வழக்கமாய் நிலைத்தன. 1833இல் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேற்றுமை சபையிலிருந்து உடனே, முற்றிலுமாக நீங்க வேண்டும் என்று சுற்றுக்கடிதம் விடுத்தார். தஞ்சைச் சபை பிளந்தது. உடன்படாதோர் ஆராதனையை விட்டு விலகினர். 1835இல் பேராயரே தஞ்சைக்கு வந்து அறிவுறுத்தியும் எல்லாரும் திரும்பவில்லை. இன்றும் நாம் அன்போடு பாடும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயக சாஸ்திரியாரும் சாதி ஒழுக்கங்களைக் காக்கவே வாதாடினார். 1840க்குப் பின் லுத்தரன் அருட்பணி புதுவலிமையோடு வந்தபோது, விலகியோரில் பலர் அதனைச் சார்ந்தனர். சாதி பற்றிய அதன் பொறுமை அவர்களை ஈர்த்த காரணங்களுள் ஒன்று.

1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கல்லணைகள் எழுந்தன. அதே காலத்தில் கர்த்தருடைய பந்தியின் குறுக்கேயும் ஓர் அணை நின்றது. முன்னது நீரைத் திருப்பியது. பின்னது அருளின் அடையாளத்தையே தலைமடையில் தேக்கியது. கடைமடையினர் எஞ்சியதைப் பெறக் காத்து நின்றனர். ஆற்றின் நோயைக் கண்டறிய ஒரு பொறியாளர் வந்தார். சபையின் நோயை ஒரு பேராயர் கண்டறிந்தும், சபை மருந்தை ஏற்கவில்லை.

7. கோதாவரியும் அதன்பின்னும்

காட்டனின் பிற்கால வாழ்வைச் சுருங்கக் கூறுவோம். சென்னையை அடுத்த செங்குன்றத்திலிருந்து சாலைக்குரிய கல் ஏற்றிவர 1836-37இல் அமைந்த இருப்புப்பாதை அவர் முயற்சியால் உருவானது. இந்தியாவின் முதல் இருப்புப்பாதையாக அது எண்ணப்படுகின்றது. உடல்நலம் குன்றி அவர் டாஸ்மேனியா சென்றார். 1841இல் எலிசபெத் லியர்மந்த் அம்மையாரை மணந்தார். இந்தியாவுக்குத் திரும்பியபின், பஞ்சத்தால் பாழ்பட்டிருந்த கோதாவரிப் படுகையை ஆராய்ந்து, 1847 முதல் 1852 வரை தவளேசுவரத்தில் பேரணையை எழுப்பினார். காவிரியில் கற்ற மணற்பாடம் அங்கே பன்மடங்கு பெரிய அளவில் கைகொடுத்தது. ஆந்திர மக்கள் இன்றும் அவருக்குச் சிலை எழுப்பிப் பிறந்தநாள் கொண்டாடுகின்றனர்.

1857இல் வட இந்தியாவில் கிளர்ச்சி எழுந்தது. ஆர்தரின் மூத்த உடன்பிறந்தார் சிட்னி காட்டன் அப்போது பெசாவரில் படைத்தலைவராயிருந்து, இந்தியச் சிப்பாய்ப் படைகளின் ஆயுதங்களைப் பறித்தவர். ஒரே தாயின் மக்கள், ஒரே அரசின் படை அலுவலர். ஒருவர் பெயர் போரோடும், மற்றவர் பெயர் வாய்க்காலோடும் நிலைத்தது. எனினும் இருவரும் காத்தது ஒரே ஆட்சியை என்பதையும் மறத்தல் கூடாது.

ஆர்தர் 1861இல் சர் பட்டம் பெற்றார். பணி ஓய்விற்குப் பின்னும் ஓயவில்லை. இருப்புப்பாதைகளில் கொட்டும் பணத்தைப் பாசனத்திலும் நீர்வழிகளிலும் செலவிட்டால் பஞ்சம் ஒழியும் என்று நூல்களாலும் சொற்பொழிவுகளாலும் வாதாடினார். 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் இருப்புப்பாதைகள் இருந்தும் பல இலட்சம் மக்கள் மடிந்தபோது அவர் வாதம் கூர்மை பெற்றது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அவருக்குத் துணை நின்றார். 1878இல் பாராளுமன்றக் குழு முன் அவர் சான்று பகர்ந்தார். ஆனால் அவர் எண்ணியவை யாவும் வாய்க்கவில்லை. துங்கபத்திரையில் அவர் ஊக்குவித்த பாசனக் குழுமம் பொருளிழந்து, இறுதியில் அரசால் வாங்கப்பட்டது. நீர்வழியே சிறந்தது என்னும் அவர் கணக்கைக் காலம் ஏற்கவில்லை. 1899 ஜூலை 24ஆம் நாள், 96ஆம் வயதில், அவர் இறையடி சேர்ந்தார்.

8. வரலாற்றைச் சொல்லும் பொறுப்பு

காட்டன் ஆழ்ந்த நற்செய்திப் பற்றுள்ளவர். அப்பற்றே அவர் உழைப்பின் ஊற்று என்று மேடையில் கூறுவது நமக்கு எளிது. ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. அவர் அகவாழ்வைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி, அவர் மகள் எலிசபெத், அதாவது ஹோப் சீமாட்டியார், 1900இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருவது. தந்தையின் மேல் மகள் கொண்ட அன்பினால் எழுந்த நூல் அது. இதே அம்மையார், அறிஞர் சார்லஸ் டார்வின் தம் இறுதி நாட்களில் மனந்திரும்பி வேதம் வாசித்தார் என்னும் கதைக்கும் மூலமானவர். அக்கதை 1915இல் அமெரிக்க இதழொன்றில் வெளிவந்தது. டார்வினின் மக்கள் அதனை வன்மையாக மறுத்தனர். அப்படியிருந்தும் நம் மேடைகளில் அக்கதை இன்னும் ஒலிக்கின்றது.

பக்தியுள்ள கதை என்பதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது. காட்டனின் பக்தியை மெய்ப்பிக்க நமக்குக் கதைகள் வேண்டா. ஆற்றுக்குள் நின்று கற்றதும், கற்றவரிடம் கடன்பட்டதை ஒப்புக்கொண்டதும், பஞ்சத்தில் மடிந்தவர்க்காக முதுமையிலும் வாதாடியதும் போதுமான சான்றுகள். அவற்றைக் கூறுவோம். அவர் காணாததையும் உடன் கூறுவோம். ஏனெனில் அவர் காணாததை நம் சபைகளும் நெடுங்காலம் காணவில்லை.

1952இல்தான் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, உலகெங்கும் கிறிஸ்து பிறப்பின் பாடல்கள் ஒலித்த வேளையில், கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டு மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மேலணை நின்று 132 ஆண்டுகள் ஆகியிருந்தன. காவிரி நீர் பாயும் நாட்டில்தான் அது நடந்தது. நீர் பாய்ந்த நிலமெல்லாம் நீதி பாய்ந்த நிலமாகிவிடவில்லை. ஆமோஸ் 5ஆம் அதிகாரத்தில் தீர்க்கன் நீதியை ஆற்றோடு ஒப்பிட்டபோது, அவன் மனத்தில் இருந்தது தலைமடையில் தேங்கும் ஆறன்று. வற்றாது ஓடிக் கடைசி வயலையும் நனைக்கும் ஆறு.

வாளைக் கொழுவாக அடித்தல் பற்றித் திருமறை கூறுவதைக் காட்டனின் வாழ்வில் ஓரளவு காண்கின்றோம். போருக்கெனப் பயிற்றுவிக்கப்பட்ட கை அணை கட்டியது. ஆனால் கொழு யார் கையில் இருக்கின்றது, அது கீறிய மண்ணின் விளைவு யார் களஞ்சியம் சேர்கின்றது என்பவற்றையும் சேர்த்தே சமாதானம் என்னும் சொல்லின் முழுப்பொருள் விளங்கும். முதல் பாதியைக் காட்டனிடம் கற்கலாம். மறுபாதியை எமக்குக் கற்பித்தவர் எழுத்தறியாத ஒரு மூதாட்டி. அடுத்த ஆண்டு அதே ஊரில் அறுப்பின் பண்டிகைக்கு அழைக்கப்பட்டபோது, காட்டனைப் பற்றி மீண்டும் பேசினோம். இம்முறை கல் சுமந்தவர்களையும் நடவு நட்டவர்களையும் சேர்த்துப் பேசினோம். மூதாட்டி முன்வரிசையில் அமர்ந்திருந்தார். ஆராதனை முடிந்து வெளியே வருகையில், "இந்தத் தடவை முழுசாச் சொன்னீங்க" என்றார். அதன்பின் அவர் தம் படையலாகக் கொண்டுவந்திருந்த நெற்கட்டைச் சுட்டி, அது தமக்கென அரசு பட்டா வழங்கிய சிறு துண்டு நிலத்தில் விளைந்தது என்றும் கூறினார்.

அந்நிலம் கடைமடையின் கடைசி வாய்க்காலில் இருந்தது. அவ்வாண்டு அங்கும் நீர் வந்திருந்தது.